மருந்தும் அளவும்: தோட்டா நிரப்பும் கையேடுகளை முன்வைத்துத் தமிழ் அளவைக் கையேடுகளின் வாசிப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

துப்பாக்கித் தோட்டாவைக் கையால் நிரப்புவோர் பயன்படுத்தும் மேற்கோள் கையேடுகள் எண்களால் ஆனவை. அவ்வெண்களுள் ஒன்றைப் பிழைபட வாசித்தால் துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும். இதனால் அக்கையேடுகள் ஒவ்வோர் எண்ணையும் அது செல்லுபடியாகும் நிபந்தனைகளோடு சேர்த்தே அச்சிடும் ஒரு நூலமைப்பை வளர்த்துக்கொண்டுள்ளன. இக்கட்டுரை அந்நூலமைப்பை ஆராய்ந்து, அதனை அளவுகோலாகக் கொண்டு தமிழில் வழங்கும் இருவகை அளவைக் கையேடுகளை மதிப்பிடுகிறது. அவை, சுவடியிலிருந்து அச்சேறிய சித்த மருத்துவ நூல்களும், விழுப்புரம், திண்டிவனம் வட்டார உழவர்க்கு உரிய வேளாண் பரிந்துரைகளும் ஆகும். நிபந்தனையிலிருந்து பிரிக்கப்பட்ட எண் தவறான எண்ணைப் போலவே தீங்கு செய்யவல்லது என்பதும், தமிழ்ப் பதிப்பாய்வு இதற்கு உரிய கவனத்தை இன்னும் அளிக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: கையேடு, அளவை, வெடிமருந்து, பாடபேதம், சித்த மருத்துவம், காணி, திண்டிவனம், விழுப்புரம்.

முன்னுரை

தமிழில் ‘மருந்து’ என்னும் சொல் நோய் தீர்ப்பதையும் குறிக்கும். துப்பாக்கிக் குழலில் இடுவதையும் குறிக்கும். பயிரின் மேல் தெளிப்பதையும் குறிக்கும். சித்த மருந்து, வெடிமருந்து, பூச்சிமருந்து என அடைமொழி மாறினும் அடிச்சொல் மாறுவதில்லை. இம்மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. அளவோடு நிற்கும்வரை பயன் தருவதும், அளவு மீறியவழித் தீங்கு செய்வதும் அத்தன்மையாகும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரும்பாலும் உண்ணும் அளவைப் பற்றியே பேசுவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அளவு எழுத்தில் பதிவாகும்போது கையேடு பிறக்கிறது. இலக்கியத் திறனாய்வு கையேட்டைத் தன் எல்லைக்கு உட்பட்ட நூல்வகையாகக் கருதியதில்லை. கவிதையின் ஒரு சொல்லுக்கு நான்கு பாடங்களைத் தேடிப் பதிவுசெய்யும் ஆய்வு மரபு, கையேட்டின் ஓர் எண்ணை அவ்வாறு விசாரிப்பது அரிது. எனினும் கையேடும் ஒரு பனுவலே. அதற்கு ஆசிரியர் உண்டு. கருதப்பட்ட வாசகர் உண்டு. சொல்லியதும் சொல்லாது விட்டதும் உண்டு. பிழையான வாசிப்பின் விளைவு வாசகரின் உடலில் நேரடியாகத் தெரியக்கூடிய நூல்வகை என்பதே அதன் தனித்தன்மையாகும்.

இத்தன்மை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் துப்பாக்கித் தோட்டா நிரப்பும் கையேடு. தமிழ்நாட்டில் தோட்டா நிரப்புதல் பொதுவழக்கம் அன்று. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ செய்வதைத் தடுக்கிறது. வெடிமருந்தைச் செய்வதும் வைத்திருப்பதும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. எனவே இக்கையேடுகள் இங்குத் தொழிற்கருவியாக அன்றி, எண்களை எவ்வாறு எழுத வேண்டும், எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்குரிய முன்மாதிரியாகவே கொள்ளப்படுகின்றன.

1. தோட்டாக் கையேட்டின் நூலமைப்பு

துப்பாக்கித் தோட்டா நான்கு உறுப்புகளைக் கொண்டது: பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே எரியும் மருந்து, முனையில் பொருந்திய குண்டு. சுடப்பட்ட உறையை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினரும் வேட்டையாடுவோரும் ஏனைய மூன்றையும் வாங்கித் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். எவ்வளவு மருந்து என்பதை அவர்கள் கையேட்டிலிருந்தே அறிகின்றனர். லைமன், ஹார்னடி, ஸ்பியர், சியரா முதலிய நிறுவனங்கள் இத்தகைய கையேடுகளைப் பல பதிப்புகளாக வெளியிட்டு வருகின்றன.

இக்கையேட்டின் ஒரு பக்கத்தை நோக்கினால், அட்டவணையிலுள்ள எண்களுக்கு முன் ஒரு முகப்புப் பகுதி இருப்பதைக் காணலாம். சோதனைக்குப் பயன்பட்ட துப்பாக்கி, குழலின் நீளம், உறையைச் செய்த நிறுவனம், பிரைமரின் வகை, குண்டின் எடையும் வடிவமும், நிரப்பி முடித்த தோட்டாவின் மொத்த நீளம் ஆகியன அங்குக் குறிக்கப்பட்டிருக்கும். அதன் கீழே தொடக்க அளவு, உச்ச அளவு என இரு எல்லைகள் இடம்பெறும். தொடக்க அளவு பெரும்பாலும் உச்ச அளவினும் பத்து விழுக்காடு அளவிற்குக் குறைவாக இருக்கும். நிரப்புபவர் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அழுத்தம் மிகுவதற்கான அறிகுறி எதுவும் தென்பட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

முகப்புப் பகுதி அலங்காரமாகச் சேர்க்கப்பட்டதன்று. அட்டவணையின் எண் அந்த முகப்போடு சேர்ந்தே ஒரு முழுக்கூற்று ஆகிறது. இராணுவத்துக்கெனச் செய்யப்படும் உறைகள் பல, சந்தையில் கிடைக்கும் உறைகளைவிடத் தடித்த சுவர் உடையவை. வெளியளவு ஒன்றாயினும் உள்ளிடம் குறைவு. ஆகவே, அதே மருந்து அதே எடையில் இடப்படினும் அழுத்தம் கூடுதலாக எழும். இங்கு எண்ணில் பிழையில்லை. எண்ணைச் சூழ்ந்த நிபந்தனை மாறியதே தீங்குக்குக் காரணமாகிறது.

குறைத்து இட்டால் எப்போதும் பாதுகாப்பு என்னும் பொதுப்புத்தியும் இங்குச் செல்லாது. மெதுவாக எரியும் சில மருந்துகளைத் தொடக்க அளவுக்கும் கீழே குறைத்தால் அவை சீராகப் பற்றாமல், எதிர்பாரா அழுத்தத்தை உண்டாக்கக்கூடும். எனவே கையேட்டின் கீழெல்லையும் மேலெல்லையைப் போலவே கட்டளையாகக் கொள்ளத்தக்கது. அழுத்த அறிகுறிகளும் முழு நம்பிக்கைக்கு உரியன அல்ல. பிரைமர் தட்டையாதல், துப்பாக்கியின் போல்ட் இறுகுதல் போன்றவை தோன்றும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லை கடந்திருக்கக்கூடும் எனக் கையேடுகளே எச்சரிக்கின்றன. கண்ணால் கண்டு திருத்திக்கொள்ளலாம் என்ற துணிவை அவை வாசகருக்கு அளிப்பதில்லை.

2. பெயர் ஒற்றுமையும் பொருள் வேற்றுமையும்

கையேட்டு வாசிப்பில் நிகழும் பெரும்பிழைகளுள் ஒன்று ஒருபெயர் இருபொருளைச் சுட்டுவதால் எழுவது. ‘4831’ என்னும் எண்பெயர் கொண்ட துப்பாக்கி மருந்தை ஹாட்ஜ்டன் பெயரிலும் ஐ.எம்.ஆர். பெயரிலும் வாங்கலாம். எண் ஒன்றே, ஆயின் ஐ.எம்.ஆர். மருந்து ஹாட்ஜ்டன் மருந்தினும் விரைவாக எரிவது. ஒன்றுக்குரிய உச்ச அளவை மற்றொன்றுக்கு எடுத்தாள்பவர் தாம் கையேட்டைப் பின்பற்றியதாகவே நம்புவார். பெயருக்கு முன்னுள்ள முன்னெழுத்தை விட்டு எண்ணை மட்டும் வாசித்ததே அவர் செய்த பிழை.

அளவையின் பெயரிலும் இதே இடர் உள்ளது. இக்கையேடுகள் மருந்தைக் கிரெயின் என்னும் எடையலகில் குறிக்கின்றன. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஒரு கிராமில் ஏறத்தாழ 15.4 கிரெயின் அடங்கும். தராசு எந்த அலகில் நிற்கிறது என்பதைக் கவனியாதவர் ஒரே எண்ணைப் பதினைந்து மடங்கு வேறுபட்ட இரு எடைகளாக மாற்றிவிட இயலும்.

தோட்டாவின் பெயரும் இதற்கு விலக்கன்று. 8 மி.மீ. மவுசர் என வழங்கும் ஜெர்மானியத் தோட்டாவில் இருவகை உண்டு. 1888இல் வந்த பழைய வகையின் குண்டு .318 அங்குலம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வகையின் குண்டு.323 அங்குலம். உறையின் பெயரளவான நீளம் இரண்டுக்கும் 57 மி.மீ. ஆகும். பழைய குழலுக்குள் புதிய குண்டைச் செலுத்துவது பேரிடராகும். இந்தியாவில் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை குடிமக்களுக்கெனச் செய்யும் .315 துப்பாக்கியும் 8 மி.மீ. வகையைச் சார்ந்ததே; ஆனால் அதன் தோட்டா மவுசரின் தோட்டா அன்று. ‘எட்டு மி.மீ.’ என்னும் பெயரை மட்டும் கொண்டு கையேட்டைத் திறப்பவர் தமக்கு உரியதல்லாத பக்கத்தில் நிற்க நேரும்.

3. இரு கையேடுகள் முரண்படும்போது

ஒரே தோட்டாவுக்கு இரு கையேடுகள் இருவேறு உச்ச அளவுகளைத் தருவது உண்டு. முதன்முறை இதனைக் காணும் வாசகர் அவற்றுள் ஒன்று பிழை என முடிவு செய்யக்கூடும். 8 மி.மீ. மவுசரின் புதிய வகைக்கு அமெரிக்கத் தரநிறுவனமான சாமி வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி. வகுத்ததோ 390 மெகாபாஸ்கல். அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 56,500 பவுண்டு. சி.ஐ.பி. 1914இலும் சாமி 1926இலும் தோன்றியவை. இரண்டும் பொறுப்புடைய அமைப்புகளே. பழைய குழல்களைக் கொண்ட துப்பாக்கிகளில் இத்தோட்டா தவறி இடப்படக்கூடும் என்ற அச்சத்தால் அமெரிக்க எல்லை தாழ்த்தி வைக்கப்பட்டது. ஐரோப்பிய எல்லை, துப்பாக்கியின் வகை தெரிந்து முத்திரையிடப்பட்ட சூழலைக் கருதியது. ஆக, இரண்டு எண்களும் இரண்டு வாசகர்களை நோக்கி எழுதப்பட்டவை.

கையேடுகளின் சார்பும் இங்கு ஆராயத்தக்கது. ஹார்னடி, ஸ்பியர், சியரா ஆகியவை குண்டு செய்பவை. அவற்றின் கையேடுகள் தத்தம் குண்டுகளை மையமாகக் கொண்டவை. ஹாட்ஜ்டன் வெளியிடும் அளவுகள் தான் விற்கும் மருந்துகளை மையமாகக் கொண்டவை. ஒவ்வொரு கையேடும் தோட்டாவின் ஓர் உறுப்பின் பக்கத்தில் நின்று ஏனையவற்றைக் காண்கிறது. ஒரே நூலை நம்பாமல் குறைந்தது இரண்டையாவது ஒப்பிடுக, அவற்றுள் குறைந்த தொடக்க அளவிலிருந்து தொடங்குக என அத்துறையில் வழங்கும் விதி இச்சார்பை ஈடுசெய்ய எழுந்ததாகக் கொள்ளலாம்.

பதிப்பின் காலமும் பொருட்படுத்தத்தக்கது. பழைய பதிப்புகள் பல, செப்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு அழுத்தத்தை மதிப்பிட்டவை. பிற்காலத்தில் மின்னுணரிகள் வந்தபோது, நொடியின் மிகச் சிறு பகுதியில் எழுந்து அடங்கும் உச்சங்களும் பதிவாயின. மருந்தும் தொகுதிக்குத் தொகுதி சிறிது மாறுவது. புதிய பதிப்பில் ஓர் எண் குறைந்திருப்பின் அதற்குக் காரணம் இருக்கும் எனக் கொள்வதே வாசகரின் கடமை. பழம்பதிப்பே தூய பாடம் தரும் என்று கருதிப் பழகிய பதிப்பாய்வாளருக்கு இவ்விதி நேர்மாறாகத் தோன்றக்கூடும். கையேட்டில் மூலத்தின் பழமை அதன் ஏற்புடைமைக்குச் சான்றாவதில்லை.

4. கைமரபும் கையேடும்

துப்பாக்கிக்கு மருந்து இடுதல் என்னும் செயல் விழுப்புரம் வட்டாரத்துக்கு முற்றிலும் அயலானது அன்று. வடதமிழ்நாட்டு மாவட்டங்களில் வாழும் நரிக்குறவர் சமூகத்தார், குழல்வாய் வழியே மருந்திடும் நாட்டுத் துப்பாக்கியைத் தலைமுறைகளாகப் பயன்படுத்தியவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை அவர்களது வாழ்வாதாரமாக நீடிக்க இயலாது போயிற்று; ஊசி, பாசிமணி விற்பனை முதன்மை பெற்றது. அவர்களது வாக்ரிபோலி மொழி எழுத்து வழக்கு இல்லாதது. துப்பாக்கி அறிவும் எழுத்தின்றி, மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்கு மாறியது.

இவ்வறிவை முறைமையற்றது எனத் தள்ளிவிட இயலாது. நாட்டுத் துப்பாக்கியில் இடுவது வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்து. அதனை எடையால் அன்றி முகத்தலளவையால் அளப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். ஒருவர் தம் தந்தையிடம் கற்ற அளவு, அந்த ஒரு துப்பாக்கிக்கும் அந்த ஒரு மருந்துக்கும் உரியது. அளவும் அதன் நிபந்தனையும் ஒரே கையில் இருந்தன. பிரிந்து பயணம் செய்யவில்லை.

1884இல் பிரான்சில் போல் வியேய் புகையிலா மருந்தை உருவாக்கியபின் இந்நிலை மாறியது. அழுத்தம் கூடக் கூடப் புகையிலா மருந்தின் எரிவேகமும் கூடும். ஒரே கொள்ளளவுக்குள் வெவ்வேறு புகையிலா மருந்துகளின் எடையும் ஆற்றலும் பெரிதும் வேறுபடும். கருமருந்தை அளந்த அதே கிண்ணத்தால் இதனை அளப்பது துப்பாக்கியைச் சிதறடிக்கப் போதுமானது. தமிழ்நாட்டில் இவ்வகை மருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையாக வந்தது. ஆனால் அது அரசின் தொழிற்சாலைக்குள் அடங்கிய அறிவாகவே இருந்தது. கையறிவுக்கும் ஆலையறிவுக்கும் இடையில், பொதுவாசகர் வாசிக்கத்தக்க தமிழ்க் கையேட்டு மரபு இத்துறையில் வளர வாய்ப்பில்லை.

எண்ணைக் கையிலிருந்து பிரித்து, அறிமுகமற்ற ஒருவரிடம் சேர்ப்பதே கையேட்டின் பணி. அப்பிரிவால் இழக்கப்படும் நிபந்தனைகளை எழுத்தில் ஈடுசெய்வது அதன் பொறுப்பு. இவ்வளவுகோலைக் கொண்டு தமிழில் வழங்கும் ஏனைய இரு ‘மருந்து’களின் கையேடுகளை இனி நோக்கலாம்.

5. சுவடி எண்களும் பதிப்புப் பொறுப்பும்

சித்த மருத்துவ நூல்களில் இரசம், பாடாணம் முதலிய நஞ்சுப் பொருள்கள் சேரும் மருந்துகள் உண்டு. அவற்றின் அளவுகள் சுவடியில் தமிழ் எண்களாலும் பின்னப் பெயர்களாலும் குறிக்கப்பட்டன. ஒன்றைக் குறிக்கும் ககர வடிவமும் நான்கைக் குறிக்கும் சகர வடிவமும் தேய்ந்த ஏட்டில் எளிதில் மயங்குவன. அம்மயக்கம் நேர்ந்தால் அளவு நான்கு மடங்காகும், அல்லது நான்கில் ஒன்றாகும். பின்னப் பெயர்களில் காணி என்பது 1/80. மா என்பது 1/20. இரண்டும் சேர்ந்த மாகாணி 1/16. ஏட்டில் ‘மா’ என்னும் ஓரெழுத்து சிதைந்தால் மாகாணி காணியாகி, அளவு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். இலக்கியச் சுவடியில் இத்தகைய சிதைவு ஒரு பாடபேதம் என அடிக்குறிப்பில் இடம்பெறும். மருத்துவச் சுவடியில் அதே சிதைவு இருவேறு மருந்துகளைப் படைத்துவிடுகிறது.

அலகின் பெயரிலும் சிக்கல் உண்டு. இன்றைய சித்த மருத்துவ அளவை அட்டவணைகளில் குன்றி 130 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம் எனப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. சென்னை மாகாணச் சந்தை அளவையிலோ பத்து வராகனெடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. வீசை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் என்பதால் பலம் 35 கிராமாகவும், வராகனெடை 3.5 கிராமாகவும் அமையும். மருத்துவ அட்டவணையின் 4.2 கிராமைப் பத்தால் பெருக்கினால் பலம் 42 கிராமாகிறது. ஆக, ஒரே நூலைச் சந்தை அளவையால் வாசிப்பவருக்கும் மருத்துவ அளவையால் வாசிப்பவருக்கும் இடையே இருபது விழுக்காடு வேறுபாடு எழுகிறது. தோட்டாக் கையேடு தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே வைக்கும் இடைவெளி பெரும்பாலும் இதில் பாதியே.

1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் தன் முதல் அட்டவணையில் சித்த மருத்துவ நூல்கள் பலவற்றை ஆதார நூல்களாக ஏற்றுள்ளது. ‘சித்த வைத்தியத் திரட்டு’ அவற்றுள் ஒன்று. அந்நூல்களில் சொல்லப்பட்ட செய்முறை மருந்து உற்பத்திக்குச் சட்ட அடிப்படையாகிறது. எனவே ஓர் எண்ணை எவ்வாறு வாசித்து அச்சேற்றுவது என்னும் பதிப்பாளரின் முடிவு, புலமை எல்லையைக் கடந்து மருந்தாலைக்கும் நோயாளிக்கும் சென்று சேர்கிறது. இதனை நோக்க, மலிவுப் பதிப்புகள் பலவற்றில் எந்தச் சுவடி, எந்த அளவை வழக்கு, எவ்விடத்தில் ஐயம் என்னும் குறிப்புகள் இன்றி எண்கள் மட்டும் அச்சாகியிருப்பது பெருங்குறையே. தோட்டாக் கையேட்டின் முகப்புப் பகுதிக்கு இணையானது அங்கு இல்லை. குருவிடம் பயின்ற மருத்துவர் அக்குறையைத் தம் பயிற்சியால் நிரப்பிக்கொள்வார். நூலை மட்டும் கொண்டவருக்கு அவ்வழி இல்லை.

6. திண்டிவனத்து நிலக்கடலையும் காணிக் கணக்கும்

சுவடியில் காணி ஒரு பின்னம். விழுப்புரம், திண்டிவனம் வட்டார உழவரின் பேச்சில் காணி ஒரு நில அளவு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். வேளாண் கையேடுகளின் பரிந்துரைகள் பெரும்பாலும் எக்டருக்கு எழுதப்படுகின்றன. ஓர் எக்டர் 2.47 ஏக்கர். ஆய்வு நிலையத்தின் எக்டர், கடைக்காரரின் ஏக்கர், உழவரின் காணி என மூன்று அலகுகளின் வழியே ஓர் எண் வயலை அடைகிறது.

திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 முதலிய நிலக்கடலை இரகப் பெயர்களில் உள்ள எழுத்துகள் இவ்வூரையே குறிக்கின்றன. நிலக்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுக என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இது ஏக்கருக்கு ஏறத்தாழ 162 கிலோ. காணிக்கு ஏறத்தாழ 214 கிலோ. அதே பரிந்துரை, இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாளிலும், மானாவாரிப் பயிருக்கு மண்ணின் ஈரத்தைப் பொறுத்து 40 முதல் 75 நாளுக்குள்ளும் இடுமாறு கூறுகிறது. எண், அலகு, பயிரின் நிலை, மண்ணின் நிலை ஆகிய நான்கும் சேர்ந்து நிற்கும் இக்கூற்று நல்ல கையேட்டு வாக்கியத்துக்கு எடுத்துக்காட்டு. ஆனால் அது சுவரொட்டியிலோ துண்டறிக்கையிலோ சுருங்கும்போது ‘ஜிப்சம் 400 கிலோ’ மட்டும் எஞ்சுமாயின், அதனை ஏக்கருக்கு உரியதாகக் கொள்பவர் இரண்டரை மடங்கு இடுவார்.

ஜிப்சத்தில் இதனால் நேர்வது பெரும்பாலும் பண இழப்பு. பூச்சிமருந்தில் நேர்வது வேறு. இமிடாகுளோப்ரிட் என்னும் பூச்சிக்கொல்லி 17.8 விழுக்காட்டு நீர்மமாகவும் 70 விழுக்காட்டுக் குருணையாகவும் விற்கப்படுகிறது. பெயர் ஒன்று, செறிவு ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. விழுக்காட்டைக் குறியாது பெயரையும் அளவையும் மட்டும் தரும் பரிந்துரை, ‘4831’ என்று மட்டும் சொல்லும் கையேட்டை ஒத்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் எழுந்த 1971ஆம் ஆண்டின் விதிகளும் நச்சுத்தன்மையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்கள் தாங்கிய சாய்சதுரத்தால் கொள்கலத்திலேயே குறிக்கச் செய்தன. எழுத்தறியாதவரும் வாசிக்கத்தக்க நிபந்தனை அது. அந்நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். எந்த நிலத்துக்கு எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டிய இடம் தமிழ்க் கையேடே.

வட்டார அலகைக் கையேட்டில் சேர்ப்பது முறைசாரா வழக்கு எனக் கருதப்படுவதுண்டு. அக்கருத்து வாசகரை மறந்தது. காணியில் நிலத்தைக் கணக்கிடுபவர் எப்படியாயினும் மனத்துக்குள் மாற்றியே தீர்வார். அம்மாற்றத்தை நூல் செய்து தரவில்லையெனில், தெளிப்பானைத் தோளில் சுமந்தபடி அவர் அதனைத் தனியே செய்ய நேரும்.

7. பதிப்பாளருக்கும் வாசகருக்கும் உரிய நெறிகள்

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். பதிப்பாளர் எந்த எண்ணையும் அலகும் நிபந்தனையும் இன்றித் தனித்து அச்சிடல் ஆகாது. பழைய அலகுக்கு எந்த வழக்கின்படி இன்றைய எடை கொள்ளப்பட்டது என்பதை முகப்பிலேயே கூற வேண்டும். எண்ணில் பாடபேதம் இருப்பின் அதனை நூலிறுதிப் பின்னிணைப்புக்கு அனுப்பாமல் அவ்வெண்ணின் அருகிலேயே காட்ட வேண்டும். ஐயம் தீராதவிடத்து எண்ணை ஊகித்து நிரப்பாமல் ஐயத்தையே அச்சிட வேண்டும். முந்தைய பதிப்பின் எண்ணை மாற்றினால் மாற்றியதையும் அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

வாசகருக்குரிய நெறிகளும் உண்டு. பெயரை முழுமையாக வாசித்தல், அலகை உறுதிசெய்தல், தம் பொருளும் கையேட்டின் பொருளும் ஒன்றா எனக் காணுதல், ஒரு நூலோடு அமையாது இரண்டை ஒப்பிடுதல், முரண் கண்டவழித் தமக்குப் பிடித்ததைத் தேராமல் காரணத்தைத் தேடுதல் ஆகியன அவை. கீழெல்லையும் மேலெல்லையும் ஒருங்கே கட்டுப்படுத்துவன என்பதை உணர்தலும் இவற்றோடு சேரும்.

இவற்றைப் பின்பற்றுவதால் கையேடு தடித்துவிடும், எளிய வாசகர் மிரள்வார் என்னும் மறுப்பு எழலாம். தோட்டாக் கையேட்டின் வரலாறு இதற்கு விடையளிக்கிறது. அதன் வாசகருள் பெரும்பாலோர் பொறியாளரோ வேதியியலாரோ அல்லர். ஓய்வுநேரத்தில் கொட்டகையில் அமர்ந்து தோட்டா நிரப்புவோர். அவர்களுக்கென நிபந்தனையைக் குறைக்காமல், ஒரே வரிசையில், ஒரே இடத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் தருவதன் மூலமே அக்கையேடு எளிமையை எய்தியது. முறையான அமைப்பு, சுருக்கத்தைக் காட்டிலும் எளிய வாசகருக்கு உதவுகிறது.

முடிவுரை

தோட்டா நிரப்பும் கையேடு தமிழாய்வின் எல்லைக்கு வெளியே உள்ள பொருளாகத் தோன்றலாம். எனினும் எண்ணும் நிபந்தனையும் பிரிந்தால் என்ன நேரும் என்பதை அது ஐயமின்றிக் காட்டுவதால், பிழையின் விளைவு மெதுவாகத் தெரியும் நூல்களை மதிப்பிடவும் அது உதவுகிறது. துப்பாக்கிப் பிழை நொடியில் வெளிப்படும். மருத்துவ நூலின் பிழை ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தில் வெளிப்படலாம். வேளாண் பரிந்துரையின் பிழை நிலத்திலும் தெளித்தவர் உடலிலும் சிறுகச் சிறுகச் சேரலாம். தாமதமாக வெளிப்படும் பிழைக்கு ஆசிரியரையோ பதிப்பாளரையோ பொறுப்பாக்குவது கடினம் என்பதாலேயே, அந்நூல்களில் முகப்புக் குறிப்பின் தேவை மிகுகிறது.

பாடபேதங்களைத் திரட்டி ஒப்பிடும் தமிழ்ப் பதிப்பு மரபிடம் இப்பணிக்கு வேண்டிய கருவிகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கையேட்டின் எண்களுக்கும் பயன்படுத்துவதே எஞ்சியுள்ளது. சட்டத்தால் ஏற்கப்பட்ட சித்த மருத்துவ நூல்களின் அளவைச் சொற்களைச் சுவடிவாரியாக ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துவதும், விழுப்புரம் மாவட்ட வேளாண் துண்டறிக்கைகளில் எக்டர், ஏக்கர், காணி ஆகிய அலகுகள் கையாளப்படும் முறையைக் களத்தில் ஆய்வதும் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.